பந்து தேடப் போன நேரம்

விரித்திருந்த போர்வையில் என் மகள் மட்டும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்க வேண்டிய மகனைக் காணோம். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்போது இரண்டு வயது.

“ஸ்டேடியத்துக்குப் போறோம், வெரசா கெளம்புங்க” என்று அண்ணன்தான் போடியிலிருந்து எங்களை ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார். வந்து பார்த்தால், ஏலத்தோட்டத்துக்கு நடுவே மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு கிரிக்கெட் மைதானம். மண்சரிவில் வெட்டிய படிகள்தான் கேலரி. அண்ணனுக்கு மாமனார் ஊர், அதனால் அது ஸ்டேடியம். அங்கே சிக்ஸர் அடித்தால் பந்து ஏலச்செடிகளுக்குள் போய் விழும். இருப்பதோ ஒரே பந்து. ஆடுகிறவர்கள், அம்பயர், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இறங்கித் தேடுவார்கள். வேடிக்கை என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது, நானும் போனேன். பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். நான் இருக்கிறேன் என்று அவர் நினைத்து எழுந்து வந்துவிட்டார். பந்து கிடைத்தது.

அப்புறம் மகனைத் தேடினோம். செடிகளெல்லாம் ஆளுயரத்துக்கு மேல். இலைகளை விலக்கி விலக்கிப் பெயர் சொல்லிக் கத்தினோம். யானை நடமாடுகிற இடம் என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணன் மனைவி, என் மதினி, கத்தவில்லை. புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் குந்தினார். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்க்காது, அடித்தூரில் மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். மேலே இலை அடர்ந்து இருட்டிக் கிடக்கிற தோட்டம், குந்திப் பார்த்தால் வெறும் தண்டுகளாகத் தூரம் வரை தெரியும்.

“எல்லாரும் செத்த அசையாம நில்லுங்க. ஒங்க காலுகதான் மறைக்குது.”

நின்றோம்.

“அந்தா, செவப்புச் சட்டை.”

குந்தியபடியே நகர்ந்து போனார். பத்துச் செடி தள்ளி உட்கார்ந்து, மகன் பச்சைக் காயைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். எங்கள் கூச்சலை விளையாட்டு என்று நினைத்தானோ என்னவோ.

அவனை அணைத்து அழுது முடித்த பிறகு, “ஒங்களுக்கு எப்படி மதினி தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“எட்டு வருசம் இங்கனதான காய் எடுத்தேன்” என்றார். “ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவருடைய அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர் என்பதோடு சரி. மதினி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நான் அவரிடம் கேட்டதெல்லாம் உப்புப் போட்டாச்சா, பால் வந்துருச்சா என்பதுதான். ஊரில் எது நடந்தாலும் எட்டிப் பார்க்கிற எனக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பும்போது ஜீப்பில் அவர் பக்கத்தில் இடம் பிடித்தேன். வளைவுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் போடி வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இப்போது ஏழு வயது. நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.