அளந்தேன், எண்ணவில்லை

காட்டுப் பாதையில் என் ஜீப்பின் பின் அச்சு இரண்டு முறை உடைந்துவிட்டது. அதனால் பத்து பெரெண்டாம் ஊரில் பழைய சாமான் கடையில் தேடி, தடித்த அச்சு ஒன்று வாங்கினேன். இன்று காலை காஜா பேராங்கில் செல்வம் அண்ணன் வர்க்‌ஷாப்பில் அதை மாட்டினோம்.

சக்கரத்தைத் தூக்கி வைத்தபோதுதான் தெரிந்தது. அச்சில் ஆறு போல்ட். என் சக்கரத்தில் ஐந்து ஓட்டை.

"வாங்குறப்ப எண்ணிப் பாக்கலையாம்மா?"

"அகலத்த அளந்தேன் அண்ணே. இத எண்ணல."

நாளை விடிந்தால் நம் ஜீப் குழுவோடு காட்டுக்குக் கிளம்ப வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அங்கே மலாய்க்கார அம்மா ஒருவர், எங்களுக்கு மக்சிக், கணவரின் பழைய ஜீப் ரிம்கள் மூன்றில் மிளகாய்ச் செடி வளர்க்கிறார். மூன்றிலும் ஆறு ஓட்டை. அண்ணன் எதிரெதிர் ஓட்டைகளை அளந்தார். சரியாகப் பொருந்தியது.

கேட்டதும் மக்சிக் யோசிக்கவே இல்லை, மூன்றையும் கொடுத்துவிட்டார். பதிலுக்கு என் ஐந்து ஓட்டை ரிம் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் ஓட்டைக் கணக்கை விளக்கப் போனபோது, "தண்ணி வடிஞ்சா போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டார்.

இப்போது முன்னால் ஐந்து, பின்னால் ஆறு. நாளை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு ஸ்பேர் டயரோடு வருகிறேன். சிரிக்கிறவர்கள் முதலில் வெளியே போய்த் தங்கள் வண்டியில் எத்தனை போல்ட் என்று எண்ணிவிட்டு வந்து சிரிக்கவும்.