திருப்பித் தருவதாகச் சொன்ன ஆடு

1988 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொட்டிலைத் திறந்து, எட்டு ஆடுகளையும் தராசில் ஏற்றி எடை எழுதினேன். பிறகு புல், தவிடு, தண்ணீர். பதினோரு மாதமாக இதே வரிசைதான்.

கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தப் பண்ணையில் நான் கிளார்க். வயதான பெண்களின் எலும்பு ஏன் தேய்கிறது என்று ஆராய ஒரு மிருக வைத்தியர் வந்திருந்தார். எலியை வைத்துப் பார்த்தால் போதாதாம். ஆட்டின் எலும்புதான் மனித எலும்பைப் போலத் தேய்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். கிழட்டுப் பெட்டை ஆடுகளின் சினைப்பையை எடுத்துவிட்டு, மாதவிடாய் நின்ற பெண்ணின் நிலைக்குக் கொண்டுவருவது அவர் திட்டம். பண்ணையில் ஏழுதான் இருந்தன. எட்டாவதைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் நானே கேட்டு வாங்கினேன்.

கொடுத்தவர் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு விதவை. முதுகு நன்றாக வளைந்திருந்தது.

“எனக்குக் கூன் விழுந்தது பத்தாதுன்னு ஆட்டுக்கும் விழுதான்னு பாக்கப் போறீங்களாக்கும்” என்று சிரித்தார். “பொம்பளைங்களுக்கு உதவும்னா கூட்டிட்டுப் போங்க ஐயா. ஆனா உசுரோட திரும்பி வரணும். எனக்குப் பேச்சுத் துணைக்கு வேற யாரு இருக்கா?”

“ஒரு வருஷந்தான். எக்ஸ்ரே எடுத்துட்டு அனுப்பிருவோம்” என்றேன். வைத்தியர் என்னிடம் சொன்னது அதுதான்.

அன்று பத்து மணிக்கு வைத்தியர் எட்டுப் பைகளோடு வந்தார்.

“இன்னைக்கே முடிச்சிரலாம். தொடை எலும்பு வேணும்.”

“எக்ஸ்ரே மட்டும்னு சொன்னீங்களே சார். எட்டாவது ஆட்டத் திருப்பிக் குடுக்கணும்.”

“எக்ஸ்ரேல என்ன தெரியும்? எலும்ப அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். மொதல்லயே சொல்லியிருந்தா அந்தம்மா குடுத்திருக்குமா?”

என் டயரியைக் கொண்டுவந்து, அவர் வாக்குக் கொடுத்த நாளைப் பிரித்துக் காட்டினேன். முழுவதும் வாசித்தார்.

“உங்க கையெழுத்து ரொம்ப அழகு. பைகள்ல நம்பர் நீங்களே எழுதிருங்க.”

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்திருக்கலாம். வேலை போய்விடும் என்று நின்றேன். ஒன்று முதல் எட்டு வரை எழுதினேன். மூன்று மணிக்குள் ஊசி போட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே லயத்துக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்ததும், உட்காரச் சொல்வதற்கு முன்னால், ஆட்டைக் கொன்றுவிட்டோம் என்று சொன்னேன்.