வடிவு டீச்சர் எனக்குக் கொடுத்த வேஷம்

அந்தத் திங்கட்கிழமை காலை, செங்கோட்டை பாசஞ்சரில் வடிவு டீச்சருக்காக ஜன்னலோர இருக்கையில் என் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவர் ஏறாமலேயே வண்டி ஜங்ஷனை விட்டுக் கிளம்பிவிட்டது. வண்டி பேட்டையைத் தாண்டும்போது தலைமையாசிரியர் அழைத்தார். "டீச்சர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவளாம். உயிர் இல்லையாம்" என்றார். எதிரே இருந்த, தினமும் எங்களோடு வரும் காசிம் சாரிடம் சொன்னேன். அவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கும் சேரன்மகாதேவி வரும்வரை நான் அதை எடுக்கவில்லை.

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை சண்முகவடிவை வகுப்பறையில் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய சிரிப்பெல்லாம் ரயிலில்தான். பதினோரு வருடங்களாக அந்தப் பெட்டியில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தவர் அவர். எல்லோரும் பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நடிகர்களை மாற்றிப் போட வேண்டும். "கதையத் தொடக் கூடாது, வசனத்தத் தொடக் கூடாது. ஆள மட்டும் மாத்தணும். அப்பத்தான் படத்துல என்ன நடக்குன்னு தெரியும்" என்பார்.

ஊரே அழுது தீர்த்த ஓர் அண்ணன் தங்கை படம். தியாகி அண்ணன் வேஷத்தை, உருட்டு விழி வில்லன் ஒருவருக்குக் கொடுத்தார். "ஒன்ன யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன் தங்கச்சி" என்று அந்த வில்லன் குரலில் பேசிக் காட்டினார். பாசம் போய் மிரட்டல் வந்துவிட்டது. பெட்டியே சிரித்தது. "எங்க வாப்பா அழுது பாத்த படம் டீச்சர், அத விட்டுருங்க" என்று காசிம் சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

வில்லன் நடிகர்களுக்கெல்லாம் இப்படி நல்லவர் வேஷம் கொடுத்தவர், வில்லன் வேஷத்துக்கு மட்டும் எப்போதும் ஒரே மாதிரி ஆளைத்தான் தேடினார். சாந்தமான முகம், மெதுவான பேச்சு. ஏன் என்று கேட்டேன். "மீசக்காரன் அடிச்சா சனங்க ஒடனே நம்பிரும். சாமி மாரி மூஞ்சி வச்சிருக்கவன் அடிச்சா, அடி வாங்குனவளே சொன்னாலும் நம்பாது" என்றார். அதற்கும் சிரித்தோம். இந்தக் கூட்டத்தில் இதைக் கேட்கும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய கணவரை நீங்கள் அறிவீர்கள். தினமும் ஜங்ஷனுக்கு வந்து, பையைத் தூக்கி வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, வண்டி நகரும்வரை நிற்பார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "குடுத்து வச்சவ" என்று நாங்கள் பொருமியிருக்கிறோம். என் வீட்டுக்காரரிடம் அவரைச் சொல்லிக்காட்டிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

போன சித்திரையில், வெயில் கொளுத்திய நாளில், டீச்சர் முழுக்கை ரவிக்கை போட்டு வந்தார். பை வழுக்கியபோது ரவிக்கையின் கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே நான்கு விரல் பதிந்த நீலம். "என்னக்கா இது?" என்றேன். அவர் கையை மூடிக்கொண்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு எடுத்தது, குடிகாரன் மனைவியை அடிக்கும் பழைய படம். குடிகாரனுக்கு ஒரு சாந்த முகத்தைப் போட்டார். "பொண்டாட்டி?" என்றேன். "அதுக்கு ஆள் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ பக்கத்து வீட்டுக்காரி. சத்தங் கேட்டு வந்து கதவத் தெறக்கணும்" என்றார்.

"போங்கக்கா, ஒரே ஒரு சீன்தான?" என்று சிணுங்கினேன்.

"அந்த ஒரு சீன் இல்லன்னா அவ செத்துருவாட்டி."

நானும் சிரித்தேன். என்னை நான் மன்னிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியத்துக்குள் ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். கணவர் தேம்பி அழுதார். "தங்கமான மனுசன், இனி என்ன செய்வாரு" என்றது கூட்டம். நானும் அவர் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கையின் நான்கு விரல்கள் என் நினைவுக்கு வந்தன.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க எழுதித் தரும்படி பள்ளியில் கேட்டார்கள். "அவ்வொ வீட்டுக்காரரும் வாராரு, பாத்து எழுதுங்க" என்றும் சொன்னார்கள். பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும்.

நேற்றுக் காலை காவல் நிலையத்துக்குப் போய் இதையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். "எரிச்சாச்சேம்மா, இனி என்னத்தப் பாக்க? இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்றார் அதிகாரி. "சினிமாப் பேச்சுன்னு நெனச்சேன் சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வடிவு அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கொடுத்த அந்த ஒரு சீன் வேஷம். கதவைத் திறந்துவிட்டேன் அக்கா. உள்ளே நீங்கள் இல்லை.