கைப்பிடிக்கு ஒரு சாண் பின்னால்

திங்கட்கிழமை காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே அவருக்கு அலுப்பாக இருந்தது. அந்த ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ளும். முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் மேலே போகும். இருபத்தாறு வருடமாக இடித்துக்கொண்டிருக்கிறார். ஊரார் வண்டி நெளிசலையெல்லாம் எடுப்பவருக்குத் தன் ஷட்டரைப் பார்க்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

எல்லோரும் அவரை நாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வயதில் பஸ் பாடி கட்டும் இடத்தில் டிங்கரிங் வேலைக்குச் சேர்ந்தவர். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்: நசுங்கிய தகட்டின் மேல் பழைய பனியன் துணியை விரித்து, அதன்மேல் இடது உள்ளங்கையை மெல்ல நகர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரிந்துவிடும். "நாடி பிடிக்கிறான் பாரு" என்று எவரோ சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இடது காது மட்டும் சுத்தியல் சத்தத்தோடு போய்விட்டது.

வண்டி கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தது, எவனோ வந்து இடித்துவிட்டுப் போய்விட்டான். நாடி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கீறல் எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிகிறது, பெயின்ட் எங்கே சுருண்டு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, நின்ற வண்டியா ஓடிய வண்டியா என்று தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்ல மாட்டார். வாடிக்கையாளரிடம் உண்மை பேசி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கைவாகுதான் அவரை ரேஸ் கிளப்பில் மாட்டிவிட்டது.

ஊருக்கு வெளியே, மூடிப்போன விமானத்தளத்தில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடக்கும். ஓட்டுகிறவர்கள் யாரும் பெரிய ஆட்கள் இல்லை. பேக்கரி வைத்திருப்பவர், வெல்டர், கணக்கு வாத்தியார், இப்படித்தான். எல்லோருக்கும் ஒரே மாடல் பழைய சின்னக் கார். ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும்: அவரவர் வண்டிச் சேதம் அவரவர் பொறுப்பு. இது எழுதிய சட்டம்.

எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. முந்தும்போது ஒருவர் இன்னொருவர் கதவை நசுக்கிவிட்டால், தப்பு யாருடையதோ அவர் தன் வண்டியின் நல்ல கதவைக் கழற்றி மற்றவருக்கு மாட்டிவிட வேண்டும். நசுங்கிய கதவு தப்புச் செய்தவருக்கு. நெளிசல் எடுத்து மாட்டிக்கொள்ள நாலைந்து நாள் ஆகும். தப்புச் செய்தவர் காத்திருக்கட்டும், அடிபட்டவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது நியாயம். சீசன் முடியும்வரை பெயின்டை மாற்றவும் கூடாது. அதனால் கிளப் வண்டிகள் பச்சையில் சிவப்பு, வெள்ளையில் கறுப்பு என்று ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஓடும். எந்தக் கதவில் சுத்தியல் வரி தெரிகிறதோ அந்த வண்டிக்காரர்தான் குற்றவாளி. சொல்லிக்காட்டவே வேண்டாம்.

தப்பு யாருடையது என்று முடிவுசெய்ய ஒரு கணக்கு உண்டு. முந்துகிறவரின் முன் டயர் மற்றவர் கதவுக் கைப்பிடி வரை எட்டிவிட்டால், மற்றவர் இடம் விட வேண்டும். எட்டவில்லை என்றால், வருகிறவர் அடங்க வேண்டும். டயர் உரசிய கறுப்புத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து நாடி சொல்வார். பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறார். இதற்குக் கூலி கிடையாது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒருவர் இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதுதான் வரும்படி.

நேற்று மூன்றாம் வளைவில் இடித்துக்கொண்ட இரண்டு வண்டியும் ஒன்பது மணிக்குள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டன.

ஒன்று மஞ்சள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் டீச்சருடையது. வாரநாளில் அதில்தான் பாடம். ஞாயிறு வந்தால் கூரைமேல் இருக்கும் 'பயிற்சி வாகனம்' பலகையைக் கழற்றிவைத்துவிட்டு ரேஸ் ஓட்டுவார். நசுங்கியிருந்தது இடதுபக்க முன்கதவு. அவர் உட்கார்ந்து பாடம் சொல்லும் பக்கம்.

இன்னொன்று கருநீலம். நாடியின் மச்சினனுடையது, மனைவிக்கு ஒரே தம்பி. கிளப்பிலேயே ஒட்டுப்போடாத வண்டி அது ஒன்றுதான். மாதக் கடைசியில் அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வருவதாக இருந்தது. எல்லாம் கம்பெனிக் கதவு என்று சொல்லித்தான் பேரம் படிந்திருந்தது.

கிளப் செயலாளரான மருந்துக்கடைக்காரர், கையெழுத்துத் தாள்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "சொல்லுங்க நாடியண்ணே. எனக்குக் கடை திறக்கணும்."

டீச்சர் பேசினார். "அண்ணே, புதன்கிழமை ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். கதவு பூட்டு விழாத வண்டியை உள்ளேயே விட மாட்டாங்க. இந்தத் தடவை போச்சுன்னா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் எனக்காக யாரு காத்திருப்பா? எதிர்த்தெரு ஸ்கூலுக்குப் போயிடுவாங்க, ஆறு பேரும்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும் டீச்சர்?" என்றான் மச்சினன். "நான் உங்க கைப்பிடியத் தாண்டித்தான் இருந்தேன். நீங்கதான் கதவச் சாத்துற மாதிரி உள்ள திரும்புனீங்க."

"நீ தாண்டியிருந்தா நான் கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாத்திருப்பேன். பம்பரைத்தான் பாத்தேன்."

"கதவு நடுவுல நசுங்கியிருக்கே, பாருங்க."

"பம்பர் டயருக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும் தம்பி. அதைக்கூடப் பாடமாச் சொல்லணுமா?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "நசுங்கல் பேச்சு வேண்டாம். டயர் தடம் எங்க இருக்கு?"

மஞ்சள் வண்டியின் பக்கவாட்டுத் தகடு, கைப்பிடி முதல் பின்சக்கரம் வரை, கழுவிவைத்த தட்டுப் போலச் சுத்தமாக இருந்தது.

துடைத்தவர் நாடிதான்.

நேற்று முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருந்தது. இடிபட்ட டீச்சரின் கதவு சாத்தினால் நிற்கவில்லை. அகல டேப் போட்டு ஒட்டிவிடுங்கள் என்றார் டீச்சர். அழுக்குத் தகட்டில் டேப் பிடிக்காது. நாற்பது வருடப் பழக்கம். கை தானாகத் தின்னர் துணியை எடுத்தது. கைப்பிடிக்கு ஒரு சாண் பின்னால், முன்கதவுக்கும் அப்பால், அரைவட்டமாக ஒரு கறுப்புத் தடம் இருந்ததைக் கண் பார்த்தது. இது மச்சினனுடைய டயர் என்று புத்திக்கு எட்டுவதற்குள் துணி அதன்மேல் போய் வந்துவிட்டது. வேறு எவராக இருந்தாலும் டேப்பை அப்படியே ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள், தடம் அடியில் பத்திரமாக இருந்திருக்கும். ஒழுங்காக வேலை செய்யத் தெரிந்தவர் செய்த தப்பு.

இப்போது சும்மா இருந்துவிடலாம். தடம் இல்லை என்றால் தீர்ப்பு இல்லை. தாளில் உள்ளபடி அவரவர் சேதம் அவரவர்க்கு. வீட்டில் சண்டை இல்லை. மச்சினன் வண்டியை விற்றுக்கொள்வான். அவர் ஸ்டூலைத் தேடினார். அதில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தடம் இருந்துச்சு," என்றார். "கைப்பிடிக்கு ஒரு சாண் பின்னால. டேப் ஒட்டுறதுக்காக நான்தான் துடைச்சேன்."

மச்சினன் முகம் சுருங்கியது. "மாமா, விளையாடாதீங்க."

"எனக்கு விளையாடுற தெம்பு இல்ல மாப்ள. நீ எட்டல. கதவு நீதான் குடுக்கணும்."

"தடம் எங்க? காட்டுங்க. தடம் பாத்துத்தானே சொல்றது வழக்கம்? வாயால சொன்னாப் போதும்னா நாளைக்கு யாரு வேணாலும் என்ன வேணாலும் சொல்லலாம்ல?"

"அவர் தன் சொந்தக்காரனுக்கு எதிரா எதுக்குப்பா பொய் சொல்லணும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பொய்னு நான் சொல்லல. தடம் இல்லைன்னு சொல்றேன். இல்லாதது இல்லாததுதான். தாள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

மருந்துக்கடைக்காரர் கோப்பைத் திறந்தார், மூடினார். "வழக்கத்துக்கு நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தாளுக்குத்தான் முடியும்." எழுந்துவிட்டார். மச்சினன் நீல வண்டியை எடுத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்காமலே போனான்.

டீச்சர் தன் நசுங்கிய கதவைத் தடவிப்பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்கண்ணே. கயிறு கட்டி ஓட்டிக் காட்டுறேன். உள்ளே விட்டா விடட்டும்."

நாடி பட்டறைக்குள் போய்ப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவந்தார். ஓரத்தில் அவருடைய சொந்தக் கார் நின்றது. அதுவும் அதே மாடல்தான், வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம். அதன் இடதுபக்க முன்கதவின் கீல் பக்கம் குந்தினார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"என்ன பண்றீங்க?"

"கதவு கழட்டுறேன்."

"நீங்க இடிக்கலையே."

"துடைச்சது நான்தானே. அவன் குடுக்க மாட்டேங்கிறதுக்குத் துணிச்சல் எங்க இருந்து வந்துச்சு? என் துணியில இருந்துதான். பேசாம அந்தப் பக்கம் பிடிங்கம்மா, கனமா இருக்கு."

மதியத்துக்குள் மஞ்சள் வண்டியில் சாம்பல் கதவு ஏறிவிட்டது. டீச்சர் உள்ளே உட்கார்ந்து இரண்டு தடவை சாத்திப்பார்த்தார். புதன்கிழமை ஆறு பேரும் டெஸ்டுக்குப் போனார்கள். ஐந்து பேர் தேறினார்கள். ஒருவர் மட்டும் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் உரசிவிட்டாராம்.

மஞ்சள் கதவைத் தட்டி எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொண்டார் நாடி. அவசர வேலை. சுத்தியல் வரி அப்படியே தெரிந்தது. உள்பக்கக் கைப்பிடியின் கம்பி வளைந்திருந்ததால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவர் திறந்துவிட வேண்டும். அதைச் சரிசெய்ய நேரம் வாய்க்கவில்லை.

மனைவி முதல்முறை அதில் ஏறும்போது கதவின் சுத்தியல் வரியைத் தடவிப்பார்த்தார். பிறகு, "அவன்தான் இடிச்சானா?" என்றார்.

"ஆமா."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"தடம் எங்கேன்னான்."

அந்த வாரம் முழுக்க மனைவி தம்பியின் போனை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கிடையாது. மாமியாரைப் பார்க்கப் போகும் வழியில் மச்சினனையும் ஏற்றிக்கொண்டார்கள். மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "நீ முன்னாடி உக்காரு தம்பி, கால் நீட்டிக்கலாம்" என்றார். அவர் இவ்வளவு இதமாகப் பேசி நாடி கேட்டதில்லை.

சிக்னலில் பேக்கரிக்காரரின் வேன் பக்கத்தில் வந்து நின்றது. அவர் குனிந்து மஞ்சள் கதவின் வரிகளைப் பார்த்தார். "என்ன நாடியண்ணே, இந்த வயசுல நீங்களும் இடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

நாடியின் நல்ல காது அந்தப் பக்கம் இல்லை. "என்ன சொல்றார்?" என்று மச்சினனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றான் அவன். பச்சை விழுந்தது.

மாமியார் வீட்டு வாசலில் மனைவி இறங்கித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மச்சினன் கைப்பிடியை இழுத்தான். தோளால் தள்ளினான். மறுபடி இழுத்தான். நாடி தன் பக்கம் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் சுற்றி நடந்து வந்தார். அவசரமாக நடக்க அவருக்கு முடியாது. அதுவரை அவன் கண்ணாடிக்குள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவர் திறந்தார். அவன் உடனே இறங்கவில்லை. கீல் பக்கம் குனிந்து பார்த்தான்.

"எத்தன போல்ட் மாமா?"

"கீல்ல நாலு. கதவைத் தடுக்குற பட்டையில ஒண்ணு."

"டீச்சர் நாளைக்கு வண்டியக் கொண்டுவருவாங்களா? அவங்களுக்கு நீலத்தைப் போட்டுட்டு, உங்களுதை உங்களுக்கு மாட்டி, இதை நான் எடுத்துக்கறேன்."

"வாங்குறவர் என்ன சொல்வார்?"

"கொறைச்சுக் கேப்பார்," என்றான் மச்சினன்.

நாடி தலையாட்டினார். மூன்று கதவு கழற்ற வேண்டும், மூன்று கதவு மாட்ட வேண்டும். அரைநாள் போய்விடும். அதற்கு முன்னால் அந்த ஷட்டரைத் தூக்க வேண்டும்.

"வெள்ளனமே வந்துடு," என்றார். "ஷட்டரை நீ இடிச்சுத் தூக்கு."