பருந்துக்குப் பூசிய சிவப்பு

முசரவாக்கத்துக் காசிநாதன் முப்பது வருடமாகக் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். நிறம் பிசகினால் நூலைத்தான் திட்டுவார். நூலுக்கு வாய் கிடையாது. அதனால் அவர் பிழைப்பு ஓடியது.

போன கோடையில் பதினோரு கோழிக்குஞ்சுகள் வாங்கிவந்தார். வீட்டில் ஏற்கெனவே ஆறு பெட்டைக்கோழிகள் இருந்தன. பருந்து தூக்காமலிருக்கக் குஞ்சுக்குச் சாயம் பூசுவது ஊர் வழக்கம். மற்றவர்கள் பச்சையோ ஊதாவோ பூசுவார்கள். இவர் பட்டறையில் மிஞ்சிய அரக்குச் சிவப்பில் முக்கி எடுத்தார். சாயம் பத்தாமல் ஒரு குஞ்சு மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"ரத்தங் கணக்கா இருக்குதுங்க. பெரிய கோழிங்க கொத்தும். ரெண்டு நாளு கூடைல கவுத்து வைங்க," என்றாள் மனைவி மரியம்மாள்.

"சாயத்த பத்தி எனக்கே சொல்றியா நீ?" என்று எல்லாவற்றையும் கொல்லையில் திறந்துவிட்டார்.

ரத்தத்தைக் கண்ட கோழி விடுமா? அவர் குடிக்க உட்கார்ந்த டீ ஆறுவதற்குள் பத்துக் குஞ்சுகளையும் கொத்தியே கொன்றுவிட்டன. மஞ்சள் குஞ்சை மட்டும் ஒரு கோழியும் சீண்டவில்லை. அது பாட்டுக்கு நொய் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"உங்க சாயந்தாங்க கொன்னுடுச்சு," என்று மரியம்மாள் அழுதாள்.

"நோஞ்சான் குஞ்சா குடுத்துட்டான் விக்கிறவன். சாயம் இன்னா பண்ணும்?"

அவள் மஞ்சள் குஞ்சைக் காட்டினாள்.

காசிநாதன் எழுந்து அதைப் பிடித்தார். சட்டியில் ஒட்டியிருந்த சாயத்தைத் துணியால் வழித்து அதன் முதுகில் அழுந்தத் தேய்த்தார். கோழிகளுக்கு நடுவே விட்டார்.

"இப்ப பாருடி."

ஆறு கோழிகளும் தலையைத் திருப்பின.