ஆறு பேருக்கு ஒரு பிளேடு

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே தகுதி, தமிழ் பேசுவேன் என்பதுதான். கட்டட வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து தங்கியிருந்த இளைஞர்களிடம் எய்ட்ஸ் தடுப்பு பற்றிப் பேச ஆள் தேவைப்பட்டது. நான் அதே ஊரில் வலியசாலை அக்ரஹாரத்துப் பெண், வயது இருபத்து நான்கு, கல்யாணம் ஆகாதவள். ஆணுறை எப்படிப் போடுவது என்று இவள் அவர்களுக்கு விளக்குவாள் என நம்பியவர்களின் தைரியத்தை இன்றும் மெச்சுகிறேன்.

"யாராவது கேட்டா பிளட் பேங்க்னு சொல்லிடுடி" என்றாள் அம்மா. நான் சொல்வதற்கு முன்பே அவள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டு மாமாவுக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டோம். பேச்சு முடிந்ததும் விருப்பப்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. அன்று ஒரே அறையில் வசிக்கும் ஆறு பேர் வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள், சென்ட்ரிங் வேலை. மூத்தவருக்கு முப்பது இருக்கும். அவரை மற்றவர்கள் மேஸ்திரி என்றார்கள். கடைசி ஆளுக்கு மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. கேள்வி உண்டா என்று நான் கேட்டால் ஐந்து பேரும் மேஸ்திரியைப் பார்ப்பார்கள். மேஸ்திரி இல்லை என்பார்.

சவரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது மட்டும் அவர் பெருமையாக விவரித்தார். ஞாயிறுதோறும் புது பிளேடு ஒன்று. முதலில் அவர், பிறகு வயதுப்படி ஒவ்வொருவராக. இளையவன் முடித்ததும் பிளேடு குப்பைக்குப் போய்விடும். அது தப்பு, ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று பாடம் எடுத்தேன். ஆறு தலைகளும் ஆடின. ஒன்றும் மாறப்போவதில்லை என்பது தெரிந்தது.

பரிசோதனையில் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு எண், முடிவு வாங்க வரும்போது காட்ட அந்த எண் போட்ட ஒரு சீட்டு. வயதைக் கேட்டேன், மேஸ்திரி இருபத்தைந்து என்றார், அதனால் ஆறு பேருமே இருபத்தைந்து என்றார்கள். சீட்டை அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அன்று வரிசை நீளம், எனக்குப் பசி. ஆறு சீட்டையும் மொத்தமாக மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் மட்டும் எங்கள் பரிசோதனை மையத்துக்கு வந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து ஆறு சீட்டையும் மேசைமேல் பரப்பினார். அவர்கள் தங்கியிருந்த அறையில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அந்த டப்பாவுக்குள்தான் போகும்.

"எல்லாருக்குஞ் சேத்து நானே வாங்கிட்டுப் போயிருதேன் மேடம். எதுக்கு ஆறு பேரு லீவு போடணும்?"

இதில் உங்கள் சீட்டு எது என்று கேட்டேன். எல்லாம் எங்களுடையதுதானே என்றார். என் மேசை இழுப்பறையில் முடிவுகள் இருந்தன. அந்த ஆறு எண்களில் ஒன்றுக்குக் கிருமி இருந்தது. அது யார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் தெரியாது.

மையத்தின் மலையாளி டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மோளே, இது ரேஷன் கார்டல்ல" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

சீட்டு கலந்துவிட்டது, எல்லோரும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கள்ல ஒருத்தனுக்கு இருக்குன்னு சொல்லுங்க" என்றார். நான் மேசைமேல் கிடந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். ஆனால் என் முகம் எனக்கு விசுவாசமாக இருந்ததில்லை.

என் பயம் நோயைப் பற்றி மட்டுமல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் அவர்கள் அறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவனை, எய்ட்ஸ் என்ற வெறும் சந்தேகத்தின்பேரில், கூடத் தங்கியிருந்தவர்களே பாயோடு வெளியே தள்ளியிருந்தார்கள். அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஆறில் ஒருவனுக்கும் அதே கதி வந்தால் அதற்குக் காரணம் என் பசி.

மறுபடி ரத்தம் கொடுக்கத் தனித்தனியாக வரச் சொன்னேன். தனித்தனியாக வந்து, சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்டார்கள். மேஸ்திரி அதைப் பச்சையாகவே கேட்டார்: "எனக்குன்னா யாருகிட்டயும் சொல்லாதீங்க. வேற எவனுக்காச்சும்னா எங்கிட்ட சொல்லிருங்க." இளையவன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான்.

முடிவு சொல்லும் நாளில் ஆறு பேரும் சலவை செய்த சட்டை போட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வயதுப்படி. ஒவ்வொருவராக வாருங்கள் என்றேன். மேஸ்திரி எழுந்தார், அவருக்கு இல்லை. அடுத்தவர், இல்லை. வெளியே போய் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய், கதவைத் தாண்டியதும் பெருமூச்சு விட்டார்கள். ஐந்தாவது ஆள் எழுந்து போனபோதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு எனக்கு உறைத்தது. பெஞ்சில் மிச்சமிருந்தவன் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்திருப்பான். வரிசையை நான் மாற்றியிருக்க வேண்டும்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். உண்மையான வயது கேட்டேன், பத்தொன்பது என்றான். பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி மெதுவாக ஆரம்பித்தேன். தெரியும் என்பதுபோல் தலையசைத்தான். மருந்து, சத்தான சாப்பாடு, மறுபடி எப்போது வரவேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டானா என்று தெரியாது. ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன்.

"எல்லாருஞ் செரச்ச பொறவுதாங்க்கா பிளேடு எங் கைக்கு வரும். எனக்குப் பொறவு யாருங் கெடையாது. அவுகளுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

வராது என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதேன். ஆலோசகர் அழக் கூடாது என்பதும் விதிதான். அவன் சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனோடு நானும் வெளியே வந்தேன். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். யாரையும் குறிப்பிடாமல், பொதுவாக, பழைய பாடத்தையே மறுபடி எடுத்தேன். ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே அறையில் தூங்கலாம், ஒன்றும் ஆகாது. பிளேடு மட்டும் இனி ஆளுக்கு ஒன்று.

மேஸ்திரி இளையவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்ற நால்வரையும் பார்த்தார்.

"அப்ப ஆறு பிளேடு வாங்கணும்" என்றார்.