இரண்டாவது ஸ்லைடில் அய்யாத்துரை

இங்கே ஒருவர் இன்னொருவரிடம் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் விளக்கை அணைக்கிறார்கள். மஸ்கட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. காலை பத்து மணிக்கு வெளியே வெயிலில் கண் கூசும். உள்ளே மீட்டிங் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருட்டாக்கி, எட்டுப் பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவர் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். ஆனால் அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சுவரில் விழும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். சீலையை இழுப்பதும், விளக்கை அணைப்பதும், அந்த இருட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் டீ வைப்பதும் என் வேலை. கட்டடக் கம்பெனி ஆபீஸில் நான் பேன்ட்ரி ஆள். இன்னொரு வேலையும் எனக்கு உண்டு, அது என் விசாவில் எழுதியிருக்காது. சுவரில் விழுகிற அந்த ஸ்லைடுகளை அழகாக்கித் தருவது நான்தான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். நாகலாபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கில எழுத்துகள் தெரியும், கூட்டினால் சொல்லின் ஓசை வரும், அர்த்தம் வராது. ஆனால் கோவில்பட்டியில் பதினோரு வருடம் ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் தெருவுக்குப் போயின. எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடையில் காலி இடம் என்றால் குற்றம். ஒருமுறை ஒரு சடங்கு போர்டில் வலது மூலை கொஞ்சம் வெறுமையாக இருந்துவிட்டது. போர்டு அடிக்கக் கொடுத்தவர் திரையில் விரலை வைத்தார்.

“அண்ணாச்சி, இங்கன எடம் சும்மா கெடக்கு பாருங்க.”

“பார்வைக்கு நல்லா இருக்கும்னு விட்டேன்.”

“பார்வைக்கு நல்லா இருந்து என்ன செய்ய? எங்க சின்ன மச்சான் படம் இல்லன்னா அவிய பந்தலுக்கே வரமாட்டாவ.”

சின்ன மச்சானைச் சேர்த்தேன். பிறகு அவர் தம்பியையும் சேர்த்தேன். யார் படமாக இருந்தாலும் எங்கள் முதல் வேலை முகத்தை வெளுப்பாக்குவது. கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை அழிப்போம், கன்னத்துக் குழியை நிரப்புவோம், நரையைக் கறுப்பாக்குவோம். வெயிலில் பருத்தி எடுத்தும் மிளகாய் எடுத்தும் கறுத்த முகங்கள் எங்கள் பக்கத்தில். ஒரு போர்டிலாவது நிழலில் வாழ்ந்த மனிதராக நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆறு மாதம் சீக்காளியாகப் படுத்துக் கிடந்து செத்தவரைக்கூட மாப்பிள்ளை போல நிறுத்தியிருக்கிறேன். அப்படி ஒரு அஞ்சலி போர்டைப் பார்த்துவிட்டு அவர் மனைவி, “எங்க வீட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி இருக்கலயே” என்று அழுதுகொண்டே சிரித்தாள். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கடை முதலாளி கடையை மூடிய பிறகுதான் நான் இங்கே டீ போட வந்தேன். ஸ்லைடு பக்கம் போனது தற்செயல். ஆபீஸ் செக்ரட்டரி லோர்னா, பிலிப்பைன்ஸ்காரி, ஒரு நாள் வெள்ளைத் தரையில் மஞ்சள் எழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டீயை வைத்துவிட்டு, மஞ்சளைக் காட்டி, “நோ ஸீ” என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கே எனக்கு வேர்த்துவிட்டது. அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். மறுநாள் காலை என் கையில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விரலால் காட்டினாள். அவளை மீட்டிங் அறையின் கடைசிச் சுவர் வரை கூட்டிப் போய் அங்கிருந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. சிரித்துவிட்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

அதன் பிறகு அவள் எழுதுவாள், நான் அடுக்குவேன். என் கை முதலில் ஃபிளெக்ஸ் கையாகத்தான் இருந்தது. ஒரே ஸ்லைடில் ஆறு படம், நான்கு வண்ணம், ஓரமெல்லாம் பூ வைத்தேன். லோர்னா ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே, “லெஸ், சுப்பையா, லெஸ்” என்பாள். எதையாவது எடுக்கும்போது யாரோ ஒரு மச்சானை விட்டுவிட்டது போல எனக்கு இருக்கும். போகப்போக விளங்கியது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் போதும். ஒரு படம் போதும், ஆனால் அது பெரிதாக இருக்க வேண்டும். முகத்தின் மேல் எழுத்து ஏறக்கூடாது. வண்ணம் இரண்டு, மிஞ்சினால் மூன்று. விளாத்திகுளம் பஸ்ஸில் போகும்போது கரிசல் காட்டில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருப்பது ஒரு மைலுக்கு முன்னாலேயே தெரியும். கறுப்பில் சிவப்பு, வேறொன்றும் இருக்காது. அதைத்தான் நான் இங்கே செய்தேன். முடித்ததும் டீ வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பேன், கண் தானாக ஓர் இடத்தில் போய் நின்றால் சரி. மற்ற பிரிவுக்காரர்களும் தங்கள் ஸ்லைடுகளை லோர்னாவிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள்.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் அய்யாத்துரை என் அறை, கீழ்க் கட்டில். விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஊர், என் வயதுதான். சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. நான் நாலு நாளில் பேசுவதை அவர் நாலு நிமிடத்தில் பேசிவிடுவார். போன கோடையில் வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்தார். இரண்டாம் முறை கம்பெனி டாக்டர், சிறுநீரகம் கெட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, நிழலில் வேலை கொடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதினார். ஸ்டோர் கொட்டகையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் நேபாளி மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறார். அந்த இடம் கிடைத்தால் அய்யாத்துரை தப்பிப்பார். போர்மேனிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றார் போர்மேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்.

“மூணாந்தடவ விழுந்தா டிக்கெட்டப் போட்டு அனுப்பிருவானுவ சுப்பையா. மக நர்சு படிப்பு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. நீ மேல இருக்கவன். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

“எனக்குப் பேச வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“ஒன்னய ஆரு பேசச் சொன்னா? ஒன் பொண்டாட்டிகிட்டயே நீ பேசியிருக்கமாட்ட. அந்த ஆபீஸுல எல்லாஞ் சொவத்துல காட்டித்தான நடக்குது. என்னயக் காட்டு.”

அது சரியாகத்தான் பட்டது. டாக்டர் சீட்டைக் காட்டி லோர்னாவிடம் கேட்டேன். மாதக் கூட்டத்தின் கடைசியில் ஐந்து ஸ்லைடு போட அவள் சம்மதித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, கேம்ப் வாசலில் அடுக்கியிருந்த கம்பிக் கட்டுகளுக்கு முன்னால், படம் எடுக்க, அவரை நிற்கச் சொன்னேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, மகள் அனுப்பிய நீலச் சட்டையைப் பொத்தான் விடாமல் மாட்டிக்கொண்டு வந்தார்.

“வேல பாக்குத சட்டையில வந்து நில்லு.”

“நாலு பெரிய மனுசன் பாக்குத படத்துல அழுக்குச் சட்டையோட நிக்கச் சொல்லுதியே, ஒனக்கென்ன கிறுக்கா? பிடிலே.”

பிடித்தேன். சிரித்தார். இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தினார். அதன் பிறகு நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லோர்னாவின் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன், கை தன் போக்கில் வேலையைத் தொடங்கிவிட்டது. முகத்தை வெளுப்பாக்கினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையையும் வீக்கத்தையும் அழித்தேன். காய்ந்து வெடித்திருந்த உதட்டைச் சரிசெய்தேன். காதோர நரையைக் கறுப்பாக்கினேன். பதினோரு வருடம் பழகிய கை அது. சினேகிதனுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தேன். டாக்டர் சீட்டு வியர்வை பட்டுக் கசங்கியிருந்தது, மசிகூட ஊறிப் போயிருந்தது. அதைப் பெரிதாக வைத்தால் ஸ்லைடு அசிங்கமாக இருந்தது. சிறிதாக்கி ஓரத்தில் வைத்தேன். டீ வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பல் நிறக் கம்பி, நீலச் சட்டை, நடுவில் சிரிக்கிற முகம். கண் நேராக அங்கே போய் நின்றது. லோர்னா ஒவ்வொரு ஸ்லைடிலும் கீழே நாலைந்து சொல் எழுதினாள். “திஸ் மேன் ஸிக்?” என்று கேட்டாள். தலையாட்டினேன். திரும்பவும் படத்தைப் பார்த்து, “வெரி ஹான்ட்ஸம்” என்றாள். அவள் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று நான் தட்டோடு கதவோரம் நின்றேன். சாலிம் ஸார்தான் ப்ராஜெக்ட் மேனேஜர், இந்த ஊர்க்காரர். கெட்டவர் இல்லை. நான் தண்ணீர்க் கேனைத் தூக்கினால் ஓடி வந்து ஒரு பக்கம் பிடிப்பார். கடைசியாக எங்கள் ஸ்லைடு வந்தது. இரண்டாவது ஸ்லைடில் அய்யாத்துரை சுவர் உயரத்துக்கு எழுந்து நின்றார். அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“மாஷா அல்லா,” என்றார் சாலிம் ஸார். “ஹூ மேட் திஸ்?”

லோர்னா என்னைக் காட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

“சுப்பையா, யுவர் பிரதர்? வெரி ஸ்ட்ராங் மேன்.”

ஸ்ட்ராங் என்பதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அவர் ஸ்ட்ராங் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். நான் சிரித்தேன். லோர்னா, “ஸார், ரிக்வெஸ்ட், ஸ்டோர் ஜாப்” என்று தொடங்கினாள். அவர், “யெஸ், யெஸ், டெல் ஹெச்.ஆர்” என்றார். அடுத்த ஸ்லைடுகள் ஓடின. ஓரத்தில் இருந்த சீட்டை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. விளக்கைப் போட்டதும் சாலிம் ஸார் என் தோளில் தட்டி, கட்டடம் கட்டச் சொல்லி வருகிறவர்களுக்குக் காட்டும் ஸ்லைடில் அந்தப் படத்தை இரண்டாவதாக வைக்கச் சொன்னார். கம்பெனியின் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கட்டுமாம்.

ஸ்டோர் வேலை காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெங்காலிக்குப் போனது. அதில் தப்பு சொல்ல முடியாது. அவன் நொண்டிக்கொண்டு ஹெச்.ஆர் வாசலில் நின்றான், பார்த்தாலே தெரிந்தது. நான் எதையும் மறைக்காமல் அய்யாத்துரையிடம் சொன்னேன், முகத்தை வெளுப்பாக்கியதையும் சொன்னேன்.

“படம் நல்லாருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லாருந்துச்சு.”

“அப்பம் விடு. வீட்டுக்கு ஒண்ணு அனுப்பு, மக பாக்கட்டும்.”

அதிலிருந்து மூன்றாவது வாரம் வெயிலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து, வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். அவர் விமானம் ஏறியது ஒரு வேலை நாளில். நான் அப்போது ஆபீஸில், இரண்டாவது ஸ்லைடில் அவர் சட்டையின் நீலத்துக்குப் பொருத்தமாகத் தலைப்பெழுத்தின் வண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஆபீஸில் ஒரு மேஜையும் சுழலும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். டீ போட வேறு ஆள் வந்துவிட்டான். மீட்டிங் அறையில் பெரிய மேஜையைச் சுற்றி என்னை உட்காரச் சொல்வதில்லை, சுவரோரம் உட்கார்கிறேன். கேம்ப்பில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு நான் போனால் தூத்துக்குடிக்காரர் ஒருவர், “ஏலே, ஆபீஸரு வாராரு, தள்ளி இருங்க” என்பார். சிரிப்பார்கள். தள்ளியும் இருப்பார்கள். இரண்டு வாரமாக அறைக்கே தட்டைக் கொண்டுவந்து சாப்பிடுகிறேன். கீழ்க் கட்டிலில் புது ஆள், அவருக்கு என் மொழி தெரியாது.

அய்யாத்துரைக்கு வாரம் இரண்டு நாள் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை பேசினேன். எப்போதும் அவர்தான் பேசுவார், அன்று குரல் உள்ளுக்குள்ளேயே போனது.

“அந்தப் படத்த இன்னும் போடுதாவளா?”

“போடுதாவ. நாளைக்கழிச்சு கட்டடங் கட்டச் சொல்லி புதுசா ஆளு வருது. அதுக்கு முன்னால எடுத்துரலாம்னு இருக்கேன்.”

“எதுக்குலே?”

“பாக்க முடியல.”

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் கேட்டது.

“நீ பாக்காட்டா போ. அத எறக்கிராத. இங்கன ஒண்ணுக்குப் போவ எந்திரிக்கணும்னாலும் ரெண்டு பேரு பிடிக்காவ. அங்கனயாவது ஒருத்தன் திடமா நிக்கட்டும்.”

நான் எடுக்கவில்லை. அவர் காலுக்குக் கீழே, கம்பிகளின் சாம்பல் நிறத்தோடு சேர்ந்தாற்போல, ‘அய்யாத்துரை, விளாத்திகுளம்’ என்று சிறிதாகத் தமிழில் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் போன பிறகு சாலிம் ஸார் சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அந்த எழுத்தை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

“டிசைன், ஸார்,” என்றேன்.

நன்றாக இருக்கிறது, மற்ற ஸ்லைடுகளிலும் போடு என்றார்.